எண்டோமெட்ரியோசிஸோடு கூடவே வந்த உபத்திரவங்கள்

கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்தான் எண்டோமெட்ரியோசிஸ், சுருக்கமாக எண்டோ. அது உள்ள மூன்று பெண்கள் தங்கள் ஊர்ப் பெயரில் எழுதியவை இவை.

மார்த்தாண்டம்:
எனக்கு மூத்திரப்பைதான் பிரச்சினை. கொஞ்சம் நிறைந்தாலே அடிவயிறு கடுக்கும், போய்விட்டு வந்தால் ஆசுவாசம், அரை மணியில் மறுபடியும். அம்மா 'சூடு' என்று சீரக வெள்ளம் (சீரகத் தண்ணீர்) போட்டுத் தந்தார். போன இடத்திலெல்லாம் யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று ஆன்டிபயாட்டிக் எழுதினார்கள். கல்ச்சர் ரிப்போர்ட்டில் கிருமியே இல்லை. இல்லாத கிருமியை மாத்திரை எப்படிக் கொல்லும்?

லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை ஆபரேஷன்) சாக்லேட் சிஸ்டை, அதாவது எண்டோவால் சினைப்பையில் வந்த ரத்தக் கட்டியை, எடுத்த பிறகு மாதவிடாய் வலி நன்றாகவே குறைந்தது. கடுப்பு மட்டும் அசையவில்லை. திருவனந்தபுரத்தில் பார்த்த டாக்டர்தான், "இது சிறுநீர்ப்பை வலி நோய். எண்டோ உள்ளவங்களுக்கு அதிகம் வரும், ஆனா தனி நோய், தனியாத்தான் பார்க்கணும்" என்றார். என்ன குடித்தேன், எப்போது போனேன், எவ்வளவு வலித்தது என்று நோட்டில் எழுதச் சொன்னார். கட்டன் சாயா (பால் இல்லாத டீ) குடித்த நாளிலும் மீன் புளிமுளம் (புளிப்பான மீன் குழம்பு) வைத்த நாளிலும் வலி ஏறியிருந்தது. சாயாவை விட்டுவிட்டேன். புளிமுளத்தை விட இன்னும் மனசு வரவில்லை.

குளச்சல்:
அக்கா, எனக்கு வயிறு. ஒரு நாள் மலச்சிக்கல், மறுநாள் பேதி. சாயங்காலம் ஆனால் வயிறு ஊதி, நைட்டி தவிர எதுவும் போட முடியாது. முதலில் ஐபிஎஸ் (IBS, எரிச்சல் குடல் நோய்) என்றார்கள், எண்டோ பிறகுதான் தெரிந்தது. இரண்டுமே இருக்கிறதாம். ஐபிஎஸ்ஸும் மாதவிடாய் நாட்களில் கூடுவதால் எது எதனால் என்று பிரிப்பது கஷ்டம். ஆனால் அந்த நாட்களில் மட்டும் மலத்தில் ரத்தம் வந்தால் சும்மா விடாதீர்கள், குடலிலேயே எண்டோ இருக்கலாம். எனக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள், நல்லவேளையாக இல்லை.

நாகர்கோவில்:
ஒற்றைத் தலைவலி யாருக்காவது உண்டா? எனக்கு வலி தொடங்கும் முன் கண்ணில் வளைந்து வளைந்து வெளிச்சக் கோடு ஓடும். அப்படி உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுத்தால் பக்கவாத அபாயம் கூடும். ஆகவே எண்டோவுக்கு மாத்திரை எழுதும்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம், நம்மூர் ஓபி கூட்டத்தில் அவர்களுக்கு ஏது நேரம்? எனக்கு ஈஸ்ட்ரோஜன் இல்லாத டைனோஜெஸ்ட் தந்தார்கள்.

அப்புறம் ரத்தசோகை. எங்கள் அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) இரும்புச்சத்து மாத்திரையைச் சாயாவோடு விழுங்குகிறவர்கள்தான் அதிகம். சாயா இரும்பு உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். நான் இப்போது எலுமிச்சை வெள்ளத்தில் போடுகிறேன். மார்த்தாண்டம் அக்காவுக்கு அதுவும் கடுக்கும், நீங்கள் பச்சை வெள்ளத்திலேயே (வெறும் தண்ணீரிலேயே) போடுங்கள்.