குடியை நிறுத்தியவர்களுக்குப் படுக்கை நேரத்தைக் குறைப்பது எப்போது?

வணக்கம். மறுவாழ்வு மையங்களில் தூக்கமின்மைக்கு நடத்தைச் சிகிச்சை கொடுப்பவர்களிடம் ஒரு கேள்வி. டயசிபாம், சோல்பிடெம் போன்ற தூக்க மாத்திரைகள் பக்கம் போக விருப்பமில்லை. குடி போய் மாத்திரை ஒட்டிக்கொள்ளும்.

எப்போது தூங்கினார்கள், எழுந்தார்கள் என்று அவர்கள் தினமும் பதியும் இரண்டு வாரத் தூக்கக் குறிப்பில் வரும் சராசரித் தூக்க நேரமே படுக்கை நேரம், அதாவது இரவில் படுக்கையில் இருக்க விடும் மொத்த நேரம். 5 மணிக்குக் கீழே இறக்குவதில்லை. எழும் நேரம் ஞாயிற்றுக்கிழமையும் மாறாது. படுத்திருந்ததில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்கினால் அடுத்த வாரம் 15 நிமிடம் கூட்டுகிறோம்.

சிக்கல், குடியை நிறுத்தும்போது வலிப்பு வந்தவர்களிடம்தான். தூக்கக் குறைவே வலிப்பைத் தூண்டலாம். இவர்களுக்கு எத்தனை வாரம் கழித்துத் தொடங்குகிறீர்கள்? அல்லது நேரத்தைக் குறைக்காமல், தூக்கம் வந்தால் மட்டும் படுப்பது, வராவிட்டால் எழுந்துவிடுவது என்பதோடு நிறுத்திக்கொள்கிறீர்களா?

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கான படக் குறிப்பேடு இருந்தால் பகிருங்கள்.