‘மூவிங் குரூப்’: நகரும் குழுவா, மீன்சாத்தா?

நண்பர்களுக்கு,

சேர்ந்து நகரும் விண்மீன் கூட்டத்தை ஆங்கிலத்தில் ‘மூவிங் குரூப்’ என்பார்கள், அதற்குத் தமிழ்ப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். ‘நகரும் குழு’ என்றே வைத்துவிடலாம், இதில் இழுபறி எதற்கு என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை. நகராத விண்மீன் எது? நம் சூரியனே நொடிக்குச் சுமார் 230 கிலோமீட்டர் வேகத்தில் பால்வெளியின் மையத்தைச் சுற்றி வருகிறது. நகர்வது ஒரு செய்தியே இல்லை. பல விண்மீன்கள் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே வேகத்தில் போவதுதான் செய்தி. சொல்லில் அது தெரிய வேண்டும்.

‘கொத்து’ என்பதும் வேண்டாம். அது ஏற்கெனவே கார்த்திகை போன்றவற்றுக்குப் போய்விட்டது. அங்கே மீன்கள் நெருங்கி இருப்பது வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. நாம் பெயர் தேடும் பொருள் கண்ணில் படாது. எழுமீனை, அதாவது சப்தரிஷி மண்டலத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். ஏழும் ஒரே கூட்டம் போலத்தான் இருக்கின்றன. ஆனால் இரு முனைகளிலும் உள்ள கிரதுவும் மரீசியும் வேறு வழியில் போகின்றன. நடுவில் உள்ள ஐந்து மட்டும், சுமார் 80 ஒளியாண்டு தொலைவில், சேர்ந்து போகின்றன. 1869-இல் ஆங்கிலேய வானியலாளர் ரிச்சர்ட் பிராக்டர் இதைக் கவனித்தார். இதே ஓட்டத்தோடு போகும் மீன்கள் எழுமீனுக்கு வெளியே, வானத்தின் வேறு மூலைகளிலும் கிடைத்திருக்கின்றன.

இடம் கலைந்த பிறகும் ஓட்டம் ஏன் மிஞ்சுகிறது? கணக்கு எளிது. இரண்டு மீன்களின் வேகம் நொடிக்கு ஒரே ஒரு கிலோமீட்டர் வேறுபட்டாலும், பத்து லட்சம் ஆண்டில் அவை மூன்று ஒளியாண்டுக்கு மேல் விலகிவிடும். பத்து கோடி ஆண்டானால் முந்நூறைத் தாண்டும். கொத்து சிதறிப்போகும், ஆனால் 230-க்கு முன்னால் அந்த ஒன்று எம்மாத்திரம்? அதனால்தான் இடத்தோடு திசைவேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கயா விண்கலம் நூறு கோடிக்கும் மேற்பட்ட மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த பிறகு இந்த வேலை வெகுதூரம் முன்னேறிவிட்டது.

‘உடன்பிறப்பு மீன்கள்’ என்று ஒரு பரிந்துரை வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, எழுமீன் கூட்டத்துக்குப் பொருந்தவும் செய்யும். அவை ஒரே வாயு முகிலில் பிறந்தவை. ஆனால் ஹெர்குலிஸ் தாரை என்ற இன்னொரு ‘மூவிங் குரூப்’பை என்ன செய்வது? அதில் இளையதும் முதியதும் கலந்து கிடக்கின்றன. பால்வெளியின் நடுவில் உள்ள தண்டு போன்ற பகுதி சுழலும்போது, ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளுவதுபோல, தொடர்பே இல்லாத மீன்களை ஒரே ஓட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். பிறப்பைச் சொல்லும் பெயர் வைத்தால் அங்கே மாட்டிக்கொள்வோம்.

‘உடன்செலவு’ என்று நானே முதலில் எழுதிவைத்திருந்தேன். பழந்தமிழில் செலவு என்றால் பயணம். இன்றைக்கு அதைப் படிப்பவர் ரசீது கேட்பார். அடித்துவிட்டேன்.

என் பரிந்துரை: சாத்து. வழித்துணைக்காகச் சேர்ந்து போகும் வணிகர் கூட்டத்துக்குச் சாத்து என்று பெயர். கோவலனின் தந்தை மாசாத்துவான் பெயரில் இருப்பதும் இதுதான். சாத்தில் போகிறவர்கள் ஒரே வீட்டில் பிறந்திருக்க வேண்டியதில்லை, ஒட்டி நடக்கவும் வேண்டியதில்லை. வழி ஒன்றாக இருந்தால் போதும். இடத்தில் கூடினால் கொத்து, ஓட்டத்தில் கூடினால் சாத்து என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் வசதி.

கதவைச் சாத்து என்றுதானே காதில் விழுகிறது என்பீர்கள். சரிதான். அதனால் தனியாக விடாமல் ‘மீன்சாத்து’ என்று சேர்த்தே எழுதலாம். ‘தாரை’ (ஸ்ட்ரீம்) என்ற சொல்லைத் தொட வேண்டாம், பால்வெளியைவிட மிகச் சிறிய, சிதைந்த விண்மீன் மண்டலங்களிலிருந்து நீண்டு கிடக்கும் மீன் வரிசைகளுக்கு அது வேண்டும். ஹெர்குலிஸுக்கும் ஆங்கிலத்தில் ஸ்ட்ரீம் என்றே பெயர் வைத்துக் குழப்பியிருக்கிறார்கள், அந்தக் குழப்பத்தை நாமும் சுமக்க வேண்டுமா?

ஒரு வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: “சூரியனுக்கு அருகே பல மீன்சாத்துகள் உள்ளன, சூரியன் எழுமீன் சாத்தைச் சேர்ந்ததல்ல.” நாக்கு தடுக்கவில்லை. ‘சாத்துகள்’ என்பதில் ‘க்’ மிகுமா மிகாதா என்ற சண்டையைத் தனி மடலில் வைத்துக்கொள்வோம்.