பேக்கப் ஸ்கிரிப்ட்டின் முடிவை விண்டோஸ் ஈவன்ட் லாகில் பதிவது எப்படி?

கேள்வி (கடலூர் முதுநகர்):
மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஐஸ் தொழிற்சாலை ஒன்றின் கணக்குக் கணினியைப் பராமரித்து வருகிறேன். இரவுதோறும் டாஸ்க் ஷெட்யூலர் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் விண்டோஸ் வசதி) வழியாக ஓடும் பவர்ஷெல் ஸ்கிரிப்ட், விண்டோஸின் நகலெடுக்கும் கருவியான ரோபோகாப்பி மூலம் பேக்கப் எடுத்து, முடிவை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதுகிறது. அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை என்பதால், விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் லாகைக் காட்டும் ஈவன்ட் வியூவரில் தெரியும்படி செய்ய எண்ணி, 'ஐஸ்பேக்கப்' என்ற சோர்ஸ் பெயருடன் (பதிவை எழுதுவது எது என்று காட்டும் பெயர்) ரைட்-ஈவன்ட்லாக் கட்டளையைச் சேர்த்தேன். அப்படி ஒரு சோர்ஸ் இல்லை என்று பிழை வருகிறது. ஸ்கிரிப்ட் ஓடும் கணக்குக்கு அட்மின் உரிமை தர எனக்கு விருப்பமில்லை. வேறு வழி உண்டா?

மறுமொழி 1 (நெய்வேலி):
உரிமை தராமல் இருப்பதே சரி. சோர்ஸ் பெயர் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) பதிவாக வேண்டும் என்பதால் அந்த ஒரு வேலைக்கு மட்டும் அட்மின் உரிமை தேவை. நீங்களே ஒருமுறை அட்மினாக பவர்ஷெல்லைத் திறந்து, நியூ-ஈவன்ட்லாக் கட்டளையில் அப்ளிகேஷன் லாகையும் உங்கள் சோர்ஸ் பெயரையும் கொடுத்துவிட்டால், பிறகு சாதாரணக் கணக்கே அதில் எழுதும். சோர்ஸ் இருக்கிறதா என்று சோதிக்கும் வரியை ஸ்கிரிப்ட்டில் வைக்காதீர்கள். பெயர் கிடைக்காதபோது அது செக்யூரிட்டி லாக் வரை தேடிப் போய், படிக்க உரிமையின்றிப் பிழையுடன் நின்றுவிடும்.

மறுமொழி 2 (புதுச்சேரி):
ரைட்-ஈவன்ட்லாக் விண்டோஸ் பவர்ஷெல் 5.1-இல் உண்டு, பவர்ஷெல் 7-இல் கிடையாது. ஆகவே, டாஸ்க்கில் எந்தப் பதிப்பு அழைக்கப்படுகிறது என்று பாருங்கள்.

ரோபோகாப்பி வேலை முடிந்ததும் தரும் எண்ணான எக்ஸிட் கோடு 1 என்றால் கோப்புகள் நகலாகின என்று பொருள். 8-உம் அதற்கு மேலும்தான் தோல்வி. பூஜ்யம் அல்லாத அனைத்தையும் எர்ரர் என்று பதிந்தால், நாளடைவில் உண்மையான எர்ரரையும் யாரும் மதிக்க மாட்டார்கள். ஒரு செய்தியில் 31,839 எழுத்துகள்வரைதான் அடங்கும் என்பதால் ரோபோகாப்பியின் முழு வெளியீட்டையும் அதில் கொட்டாமல், எக்ஸிட் கோடு, மூல ஃபோல்டர், சேருமிடம், விரிவான லாக் கோப்பின் பாதை ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். தோல்விக்குத் தனி ஈவன்ட் ஐடி கொடுத்தால், அந்த எண் பதிவானவுடன் மின்னஞ்சல் அனுப்பும் இன்னொரு டாஸ்க்கை ஷெட்யூலரிலேயே அமைக்கலாம்.

வெற்றியையும் தவறாமல் பதியுங்கள். புயல் நாளில் மின்சாரம் போய்க் கணினி அணைந்திருந்தால் ஸ்கிரிப்ட்டே ஓடாது, எர்ரரும் பதிவாகாது. அன்றைய வெற்றிப் பதிவு இருக்கிறதா என்று காலையில் வேறொரு கணினியிலிருந்து பதிவுகளைப் படிக்கும் கெட்-வின்ஈவன்ட் கட்டளை கொண்டு பார்ப்பதுதான் நம்பகமான வழி.