கோரைக்கும் லாலாங்குப் புல்லுக்கும் மருந்தடிக்காமல் வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு காய்கறித் தோட்டம். வெண்டி, கத்தரி, பச்சை மிளகாய், ஓரத்தில் முருங்கை. முன்பு பால்மரம் (ரப்பர்) நின்ற செம்மண், வெயிலில் இறுகிப் போகிறது. மழை பெய்து ஒரு வாரம் ஆனால் போதும், காயைவிடப் புல்தான் உயரம்.

லாலாங்கைத் தோண்டி ஓரளவு அடக்கிவிட்டேன். கோரைதான் தீரவில்லை. மேலே பிடுங்கினால் கிழங்கு மண்ணிலேயே தங்கி மறுபடி முளைக்கிறது. பழைய அட்டைப்பெட்டியை விரித்து மேலே காய்ந்த புல் போட்டேன்; மற்ற களை அடங்கியது, கோரை மட்டும் அட்டையைக் குத்திக்கொண்டு வந்துவிட்டது! ஆனால் அட்டைக்கு அடியில் மண் பொலபொலவென்று, மண்புழுவோடு இருந்தது. அதனால் மூடாக்கை விட மனமில்லை.

அம்மா எஸ்டேட்டில் புல்லுக்கு மருந்தடித்தவர். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2020-இல் நாட்டில் தடை செய்துவிட்டார்கள், சரி. வேறு மருந்தும் எனக்கு வேண்டாம்.

செம்பனை (எண்ணெய்ப்பனை) கன்றுகளுக்கு நடுவே மூடுபயிராகப் படரவிடும் கொடிகள் களையையும் அமுக்கும், தழைச்சத்தையும் மண்ணில் சேர்க்கும். ஆனால் அந்தக் கொடிகளில் ஒன்றான முக்குனாவை வீட்டில் விட்டால் கத்தரிச் செடியையே விழுங்கிவிடும். அதற்குப் பதில் தட்டைப்பயறு நெருக்கி விதைத்து, பூக்கும் நேரத்தில் வெட்டி அப்படியே போடலாமா? யாராவது செய்து பார்த்தீர்களா? கோரை மேல் வெற்றுக்குலை (ஆலையில் பழம் உதிர்த்த செம்பனைக் குலை) போட்டவர்கள் எத்தனை கனம் போட்டீர்கள்? அப்புறம், அட்டையால் கறையான் வருமா? வீடு பாதி பலகை, அந்தப் பயமும் இருக்கிறது.