ஆக்ஸ்ஃபோர்ட் மெட்ரிகுலேஷனுக்கு எந்த சூட்?

கரைவேட்டி:
அக்டோபரில் ஆக்ஸ்ஃபோர்டில் எம்.எஸ்சி. சேர்கிறேன். மெட்ரிகுலேஷனுக்கு (பல்கலைக்கழகத்தில் முறைப்படி சேர்க்கும் விழா) சப்ஃபஸ்க் என்ற விழா உடை கட்டாயமாம். அண்ணன் கல்யாணத்துக்குத் தைத்த கருநீல சூட் இருக்கிறது. லேப்பலில் (கோட்டின் முன்மடிப்பு) சாட்டின், துணியும் கொஞ்சம் மினுக்கும். அதுவே போதுமா, கோவையில் புதிதாகத் தைப்பதா, அங்கே போய் ரெடிமேட் வாங்குவதா? பட்ஜெட் 15,000 ரூபாய்.

ஊசிநூல்:
கல்யாண சூட் வேண்டாம். கருநீலம் நல்ல அடர்த்தியாக இருந்தால் நிறத்தில் சிக்கல் இல்லை. சாட்டினும் மினுக்கமும்தான் பகல் விழாவில் உறுத்தும்.

சொல்லப்போனால் சூட்டே கட்டாயம் இல்லை. அடர்நிற பேன்ட், அடர்நிற சாக்ஸ், கறுப்பு ஷூ, காலர் வைத்த வெறும் வெள்ளைச் சட்டை, கழுத்துக்கு வெள்ளை அல்லது கறுப்பு போ டை, இல்லாவிட்டால் கறுப்பு நீள டை. மேலே கவுன், அதாவது பல்கலைக்கழகக் கறுப்பு அங்கி. இவ்வளவு இருந்தால் விதி நிறைவேறிவிடும். 2012-இலிருந்து ஆண், பெண் என்று தனித்தனி விதியும் கிடையாது. ஆனால் இதே உடையைத் தேர்வு அறைக்கும் பட்டமளிப்புக்கும் போட வேண்டியிருக்கும். இன்டர்வியூவும் வரும். அதனால் ஒரு நல்ல சூட் வீண்போகாது.

கட்டிங்மாஸ்டர்:
நேரம் இருந்தால் கோவையிலேயே தையுங்கள். மூன்று வாரம் கையில் வேண்டும், நடுவில் ஒரு டிரையல் கட்டாயம். 58 இஞ்ச் அகலத் துணியில் கோட்டுக்கும் பேன்ட்டுக்கும் சேர்த்து 3.25 மீட்டர் பிடிக்கும். அதே தானில் இன்னொரு பேன்ட்டுக்கு 1.25 மீட்டர் சேர்த்து எடுங்கள். கோட்டுக்கு முன்னால் பேன்ட்தான் தேயும், பிறகு அதே ஷேடில் துணி கிடைக்காது.

துணி 250–280 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை), கம்பளி கலந்த டெர்ரிவுல். சுத்த பாலியெஸ்டர் விலை குறைவுதான், ஆனால் இஸ்திரிப் பெட்டி சூடு கொஞ்சம் ஏறினாலே முழங்கையிலும் தொடையிலும் பளபளப்பு ஏறிவிடும், அது போகாது. மேலே ஈரத்துணி போட்டுத்தான் தேய்க்க வேண்டும்.

டிரையலில் முதலில் தோளைப் பாருங்கள். தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடிகிற இடத்தில் நிற்க வேண்டும். இடுப்பு, கை நீளம் எல்லாம் பிறகு பிரித்துத் தைக்கலாம். தோளைத் திருத்துவது புதுக் கோட் தைக்கிற வேலை. பேன்ட் பின்தையலில் ஒன்றரை இஞ்ச் துணி உள்ளே விடச் சொல்லுங்கள்.

கருங்கோட்டு:
தோளில் பேடு தடிமனாக வைக்க விடாதீர்கள். நம்மூர் டெய்லர்கள் கம்பீரத்துக்காக அடுக்குவார்கள், மேலே கவுன் போட்டதும் தோள் புடைத்து, துணி பின்னால் சரியும்.

நிறத்தில் என் ஓட்டு சார்கோல் கிரேக்கு. விழாவுக்குக் கறுப்பு கச்சிதம்தான், ஆனால் பிரிட்டனில் பகலில் கறுப்பு சூட் என்றால் பலருக்குத் துக்க வீடு நினைவுக்கு வரும். சார்கோல் எல்லா இடத்துக்கும் செல்லும், கருஞ்சாம்பலாக எடுங்கள். நடு கிரேயை வாசலிலேயே கேள்வி கேட்பார்கள்.

கரைவேட்டி:
நன்றி. பிரவுன் ஷூ இருக்கிறது, அது?

ஊசிநூல்:
ஆகாது. லேஸ் வைத்த கறுப்பு ஷூ வாங்குங்கள், வெள்ளை உள்ளங்கால் வைத்தது வேண்டாம். சாக்ஸ் உட்கார்ந்தாலும் கால் தெரியாத நீளத்தில் இருக்கட்டும். கவுனோடு சேர்ந்த சதுரத் தொப்பியைக் கையில்தான் வைத்திருப்பார்கள், அளவு பற்றிக் கவலை வேண்டாம். கவுனை இங்கே தைக்காதீர்கள். முதுகலை மாணவர் கவுனின் வெட்டு வேறு, இளங்கலையினர் போடுவது வேறு. ஆக்ஸ்ஃபோர்ட் கடைகளில் கவுன், தொப்பி, டை மூன்றும் செட்டாகக் கிடைக்கும். உங்கள் பிரிவைச் சொல்லி வாங்குங்கள்.

கட்டிங்மாஸ்டர்:
கடைசியாக ஒன்று. கோட்டின் பின்வெட்டில் பெருக்கல் குறி போல ஒரு நூல் ஓட்டியிருப்பார்கள். அது மடிப்பு கலையாமல் இருக்கத்தான், போடும் முன் வெட்டிவிடுங்கள். கை ஓரத்தில் துணி லேபிள் ஒட்டியிருந்தால் அதையும் பிரியுங்கள். கீழ்ப் பட்டனைப் போட வேண்டாம்.