ஆறேழு மரம்தான் மிச்சம்: பக்கத்தில் முளைக்கும் கலப்பினக் கன்றுகளைப் பிடுங்கலாமா?

கொடிவேரி:
கலிஃபோர்னியா கடற்கரைக்கு எதிரே சான்டா காட்டலினா என்று ஒரு தீவு. அங்கே மட்டுமே வளர்கிற மரம் காட்டலினா மகாகனி. நாம் கதவு செய்கிற மகாகனிக்கும் இதற்கும் உறவில்லை, இது ரோஜாக் குடும்பம். 1897-ல் பிளாஞ்ச் டிராஸ்க் என்ற அம்மையார் கண்டுபிடித்தபோது 40, 50 மரங்கள் இருந்தன. தீவில் கொண்டுவந்து விட்ட ஆடுகள் மேய்ந்தும் பன்றிகள் கிளறியும், 1970களின் கடைசியில் பெரிய மரங்கள் ஏழுதான் மிஞ்சின. அத்தனையும் ஒரே ஓடைப் பள்ளத்தில். 1997-ல் அமெரிக்க அரசு அழியும் நிலையில் உள்ள இனமாக அறிவித்தது.

வேலி போட்ட பிறகு கன்றுகள் வந்தன. ஆனால் எல்லாமே அந்த இனத்தின் பிள்ளைகள் இல்லை. அதே தீவில் பரவலாக இருக்கும் இன்னொரு மகாகனியோடு இது கலக்கிறது என்று லோரன் ரீஸ்பெர்க் என்ற தாவர ஆய்வாளரின் குழுவினர் 1989-ல் காட்டினார்கள். இரண்டுக்கும் மகரந்தம் கொண்டுபோவது காற்று. ஒரு பக்கம் ஆறேழு மரம், மறு பக்கம் தீவு முழுக்க. வந்து விழும் மகரந்தம் யாருடையதாக இருக்கும்?

ஒரு பூவுக்கு ஒரே விதைதான். அந்த விதை கலப்பாகப் போனால் அந்தப் பூ இந்த இனத்துக்கு நஷ்டம். அதனால் அந்தப் பள்ளத்தில் முளைக்கும் கலப்பினக் கன்றுகளையும், பக்கத்தில் இருக்கும் சாதாரண இன மரங்களையும் அப்புறப்படுத்த வேண்டும் என்பது என் கருத்து.

மருதன்_திருச்சி:
ஒத்துக்கொள்ள முடியவில்லை. கலப்பு என்றாலே கேடு என்று எடுத்துக்கொள்கிறீர்கள். அதே ரீஸ்பெர்க்தான் காட்டுச் சூரியகாந்தி பற்றியும் ஆராய்ந்தவர். இரண்டு சாதாரண இனங்கள் கலந்து புது இனமே பிறந்திருக்கிறது என்று அவர் காட்டினார். அப்படிப் பிறந்தவற்றில் ஒன்று பெக்கோஸ் சூரியகாந்தி. நியூ மெக்சிகோ, மேற்கு டெக்சாஸ் பக்கம் உப்பு ஊறும் சதுப்புகளில் வளர்வது. பெற்றோர் இரண்டுமே அந்த உப்பில் தாக்குப்பிடிக்காது. 1999-ல் அதையும் இதே அமெரிக்கச் சட்டம் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. அன்றைக்கு யாராவது "கலப்பினம்" என்று பிடுங்கியிருந்தால்?

கொடிவேரி:
நல்ல உதாரணம், மறுக்கவில்லை சார். ஆனால் அந்தச் சூரியகாந்தியின் பெற்றோர் இருவரும் கோடிக்கணக்கில் இன்றும் இருக்கிறார்கள். புதுசு ஒன்று கிடைத்தது, பழசு எதுவும் போகவில்லை. காட்டலினாவில் அப்படி இல்லை. அங்கே கலப்பு நடப்பதே ஆடு தின்று எண்ணிக்கை குறைந்ததால். சொந்த இனத்து மகரந்தம் கிடைக்காத நிலைமையை நாம் உண்டாக்கிவிட்டு, அதை இயற்கையின் போக்கு என்று விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

யாழினி_ஒண்டாரியோ:
கொடிவேரி பக்கம் நான். இங்கே கனடாவில் சிவப்பு மல்பெரி என்கிற உள்ளூர் மரத்துக்கும் இதே கதைதான். தெற்கு ஒண்டாரியோவில் மட்டும் கொஞ்சம் இருக்கு, அழியும் நிலைப் பட்டியலில் இருக்கு. பட்டுப்புழுவுக்காக ஆசியாவில் இருந்து வட அமெரிக்காவுக்கு வந்த வெள்ளை மல்பெரி எங்கும் பரவிவிட்டது. பறவை பழத்தைத் தின்று எல்லா இடத்திலும் விதை போடுது. மரபணுவைப் பார்த்தால் கலப்பு மரங்களில் கூடுதலானவை வெள்ளைப் பக்கமே சாய்ந்து நிற்குது. இரண்டும் சமமாகக் கலந்து நடுவில் நிற்கும் என்று நினைக்காதேங்கோ. எண்ணிக்கை கூடினது குறைஞ்சதை விழுங்குது.

மருதன்_திருச்சி:
யாழினி அம்மா, உங்கள் வெள்ளை மல்பெரி வெளியிலிருந்து வந்தது. காட்டலினாவில் இரண்டும் அந்தத் தீவின் மரங்கள், பழைய அக்கம்பக்கத்தார். இரண்டு வழக்கையும் ஒன்றாக்கக் கூடாது.

என் பெரிய கவலை வேறு. ஆறேழு மரத்துக்குள்ளேயே இனம் பெருக்கினால் நெருங்கிய உறவுத் திருமணம் மாதிரி ஆகிவிடும். ஃபுளோரிடா பாந்தர் எனப்படும் பூமாக்கள் முப்பதுக்கும் குறைவாகி, வால் நுனி மடங்கி, இதயக் கோளாறோடு பிறந்தன. 1995-ல் டெக்சாஸில் இருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் தேறின.

கொடிவேரி:
அவை ஒரே இனம் சார், வேறு வட்டாரம், அவ்வளவுதான். இங்கே இரண்டு தனி இனங்கள்.

நெய்தல்:
இருவரும் கொள்கை பேசுகிறீர்கள். கன்றைப் பிடுங்கப் போகிறவர் எதைப் பார்த்துப் பிடுங்குவார்? காட்டலினா மகாகனியின் இலை தடிப்பாக, ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டு இருக்கும். அடிப்பக்கம் வெள்ளைப் பஞ்சு மாதிரி ரோமம். மற்றதன் இலை மெலிசு, அவ்வளவு ரோமம் கிடையாது. முதல் தலைமுறைக் கலப்பு நடுவில் இருக்கும், கண்டுபிடிக்கலாம். அது மறுபடி தூய மரத்தோடு சேர்ந்து பிறந்த கன்று? சின்ன வயதில் கண்ணால் பார்த்துச் சொல்வது ரொம்பக் கஷ்டம். மரபணுச் சோதனை செய்யாமல் கை வைத்தால் காப்பாற்ற வேண்டியதையே பிடுங்கிவிடுவோம்.

நம் பிச்சாவரத்தையும் சொல்லணும். அங்கே இரண்டு சுரபுன்னை இனங்கள் கலந்து பிறந்த மரத்துக்கு 1995-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரையே வைத்தார் பேராசிரியர் கதிரேசன். அங்கே அரிதானது அந்தக் கலப்புதான். அதைக் காப்பாற்ற வேண்டும் என்கிறோம், சரிதான். எனவே "கலப்பு" என்ற ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. எந்தப் பெற்றோர் எத்தனை மிச்சம் என்று பார்க்கணும்.

மருதன்_திருச்சி:
நெய்தல் சொன்னதோடு இன்னொன்று. ஆடும் பன்றியும் தீவை விட்டுப் போயிற்று. வேட்டைக்காக 1930 வாக்கில் கொண்டுவந்த மான்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றை ஹெலிகாப்டரில் இருந்து சுடும் திட்டத்தைத் தீவின் பாதுகாப்பு அமைப்பு 2023-ல் அறிவித்தது. மக்கள் எதிர்ப்பால் 2024-ல் அந்த வழியைக் கைவிட்டது. வேலிக்கு வெளியே துளிர்க்கும் கன்று எதுவானாலும் மானுக்குத்தான் போகும். அதைப் பேசாமல் கலப்பினக் கன்றைக் குற்றவாளி ஆக்குகிறோம்.

கொடிவேரி:
மான் விஷயத்தில் முழு உடன்பாடு. சோதனை செய்துதான் பிடுங்கணும் என்பதும் சரி. அதற்காகக் காத்திருக்கிற வருஷங்களில் இதையாவது செய்யலாம்: பூ விரியும் முன் கிளைக்குக் காகித உறை கட்டி, இன்னொரு தூய மரத்தின் மகரந்தத்தைக் கையால் தடவி, அந்த விதையை மட்டும் நாற்றங்காலில் போடுவது. ஆறேழு மரத்தையும் மாற்றி மாற்றி இணைத்தால், மருதன் சார் பயப்படுகிற உறவுச் சிக்கலும் ஓரளவு குறையும். நாற்றுகளை ஓடைக்கு வெளியே, சாதாரண இனம் பக்கத்தில் இல்லாத சரிவில் நடலாம்.

மருதன்_திருச்சி:
உறை கட்டி மகரந்தம் சேர்ப்பதற்கு என் முழு ஆதரவு. ஓடைக்குள் முதல் தலைமுறைக் கலப்பை எடுப்பதற்கும் இனி மறுப்பு சொல்லமாட்டேன். ஆனால் தூய மரத்தோடு திரும்பக் கலந்த கன்றுகளில் கை வைக்காதீர்கள். அந்த ஏழில் ஒன்று நாளை பட்டுப்போனால், அதன் மரபணு மிஞ்சியிருக்கிற ஒரே இடம் அந்தக் கன்றுகளாகவும் இருக்கலாம். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.