இருட்டில் சைக்கிள்: ஹெட்லைட் காலை வாரிய இடம் எது?

மடிவாளா மிதிவண்டி:
பெங்களூரில் சில்க் போர்டு தாண்டி பொம்மனஹள்ளி சர்வீஸ் ரோடு. பெயின்ட் அடிக்காத ஹம்ப் (வேகத்தடை). முன்சக்கரம் ஏறி இறங்கியதும் லைட் பொட்டென்று அணைந்தது. பட்டனை அழுத்தினால் எரியும், அடுத்த ஹம்பில் திரும்ப அணையும். அந்த இருட்டு ரெண்டு செகண்டில் எதிரே ராங் சைடில் ஒரு ஸ்கூட்டர். கழற்றி மாட்டுகிற 18650 செல் (உருளை வடிவ லித்தியம் பேட்டரி) ஒன்று, சார்ஜ் ஃபுல். யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?

அல்சூர் ஸ்பேனர்:
ஸ்பிரிங்தான், வேறொன்றுமில்லை. குலுக்கலில் செல் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு பின்னால் நகரும், முன்முனையில் தொடர்பு விடும். கண்ணிமைக்கும் நேரம் விட்டாலும் உள்ளே விளக்குக்கு மின்சாரத்தை அளந்து தரும் டிரைவர் சர்க்யூட் ஆஃப் நிலைக்குப் போய்விடும். ஸ்பிரிங்கை மூக்கு பிளையரால் 2, 3 மி.மீ. இழுத்துவிடுங்கள். முனை தட்டையான செல் என்றால் பட்டன் முனை வைத்தது வாங்குங்கள். ஆனால் புரொடெக்‌ஷன் போர்டு (ஷார்ட், அதிக சார்ஜிலிருந்து காக்கும் சின்ன சர்க்யூட்) உள்ள செல் 65 மி.மீ.க்கு பதில் 69, 70 வரும், சில லைட்டில் மூடி திருகாது, அளந்துவிட்டு வாங்குங்கள். அலுமினியத்தாளை மடித்துச் செருகச் சொல்வார்கள், வேண்டாம். நழுவி ஓரத்தில் பட்டால் ஷார்ட்.

கேட்காததையும் சொல்கிறேன். எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் 9900 எம்ஏஎச் (செல்லின் கொள்ளளவு) என்று அச்சடித்த செல் கிடைக்கும். நல்ல 18650 பெரும்பாலும் 2500 முதல் 3500 வரைதான். தராசில் வையுங்கள்: அசல் பெரும்பாலும் 45 கிராம் அளவில் இருக்கும். லைட் பெட்டியில் போட்டிருக்கும் கணக்கையும் இப்படியே சோதிக்கலாம். 3000 எம்ஏஎச், 3.6 வோல்ட், கிட்டத்தட்ட 11 வாட்-மணி. நடைமுறையில் ஒரு வாட்டுக்கு 100 லூமன் (லைட் தரும் மொத்த ஒளியின் அளவு) கிடைத்தாலே பெரிது. ஆக 1000 லூமன் ஒரு மணி நேரம் எரியலாம். ஒரே செல்லில் 1200 லூமன், 4 மணி நேரம் என்று போட்டிருந்தால் இரண்டில் ஒன்று பொய்.

மடிவாளா மிதிவண்டி:
பழக்கடைத் தராசில் 33 கிராம். செல்லில் எழுதியிருப்பது 6800.

பெல்லந்தூர் நைட் ஷிப்ட்:
லூமனையே பிடித்துத் தொங்காதீர்கள் சார். அவுட்டர் ரிங் ரோடு, விடாத மழை. லைட் முழு வெளிச்சத்தில். சாலை மட்டும் தார்க் கறுப்பு! கால்வாய்மேல் போட்டிருந்த கல் பலகை ஒன்று இல்லை என்பது பக்கத்தில் போன பஸ்ஸின் வெளிச்சத்தில்தான் தெரிந்தது. நனைந்த தார் கண்ணாடிமாதிரி ஒளியை முன்னால் தள்ளிவிடும், நம் கண்ணுக்குத் திரும்பாது. இன்னும் 500 லூமன் கூட்டினால் மழைத்துளிதான் பளிச்சென்று தெரியும்.

உதவுவது இரண்டு: லைட்டைக் கீழே இறக்கி, முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் தலையில் மாட்டினால் பள்ளத்துக்கு நிழல் விழும், நிழல்தான் ஆழத்தைக் காட்டும். அடுத்தது, வட்ட ஒளிக்குப் பதில் மேல்விளிம்பு வெட்டிய கட்-ஆஃப் ஒளி. ஜெர்மனியில் அதுதான் சட்டம். அனுமதி பெற்ற லைட்டில் அலைக்கோடு, கே எழுத்து, ஒரு எண் பொறித்திருக்கும். அங்கே லூமனைப் பார்ப்பதில்லை, 10 மீட்டரில் எத்தனை லக்ஸ் (ஓரிடத்தில் விழும் ஒளியின் அளவு) என்றுதான் கேட்பார்கள்.

ஹெப்பால் இறக்கம்:
கட்-ஆஃப் ஜெர்மனிக்குச் சரி, நம்ம ஊருக்கு? மரத்திலிருந்து மரத்துக்கு இழுத்த இன்டர்நெட் கேபிள் அறுந்து தலை உயரத்தில் தொங்கியது. கட்-ஆஃப் லைட் அதை எங்கே காட்டும்? தொப்பியில் வந்து இடித்தபின்தான் தெரிந்தது. வட்ட ஒளிதான் இங்கே லாயக்கு.

பெல்லந்தூர் நைட் ஷிப்ட்:
அதற்காக எதிரே வருபவர் கண்ணைப் பறிக்க வேண்டுமா? கேபிளுக்கு ஹெல்மெட்டில் 150 லூமன் ஒன்று மாட்டுங்கள், தலை திரும்பும் பக்கம் வெளிச்சம் போகும். அதை மட்டும் நம்பி ஓட்டாதீர்கள். ஒளி கண் பக்கத்திலிருந்தே கிளம்புவதால் பள்ளத்தின் நிழல் மறைந்து சாலை சமமாகத் தெரியும்.

அல்சூர் ஸ்பேனர்:
ரெண்டு பேரும் லைட்டின் சாய்வை விட்டுவிட்டீர்கள். 20 கி.மீ. வேகத்தில் செகண்டுக்கு 5.5 மீட்டர். சுதாரிக்க ஒன்றரை செகண்ட், பிறகு பிரேக். காய்ந்த ரோட்டிலேயே நிற்க 13, 14 மீட்டர் ஆகும். ஆகவே ஒளியின் நடு 15 மீட்டரில் விழணும். லைட் தரையிலிருந்து 1 மீட்டர் உயரம் என்றால், 5 மீட்டர் தள்ளிச் சுவரில் அடித்துப் பாருங்கள்: நடுப்புள்ளி தரையிலிருந்து 67 செ.மீ.யில் இருக்கணும். இப்படி வைத்தால் வட்ட ஒளியும் எதிரே வருபவரை அவ்வளவாகக் கூசாது. நாலு ஹம்ப் தாண்டினால் கிளாம்ப் சுழன்று ஒளி முன்சக்கரத்தில் விழும். பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி ஹேண்டில்பாரில் சுற்றி, அதன்மேல் கிளாம்பை இறுக்குங்கள். பாரின் குறுக்களவையும் பாருங்கள்: ஸ்டெம் (பாரை நடுவில் பிடிக்கும் பாகம்) பக்கம் 25.4 அல்லது 31.8 மி.மீ., பிடி பக்கம் 22.2. சின்ன கிளாம்பை 31.8-இல் திணித்தால் திருகுப் பக்கம் விரிசல் விடும்.

பானசவாடி ஷார்ட்கட்:
கே.ஆர்.புரம் சிக்னலில் நின்றிருக்கும்போதே வெளிச்சம் பாதியாகிவிட்டது. செல் புதிது, அசல். தொட்டால் சுட்டது.

அல்சூர் ஸ்பேனர்:
அது பழுதில்லை. காற்று படாததால் சூடேறி, லைட் தானே குறைத்துக்கொண்டது. சிக்னலில் நின்றால் லோவில் வையுங்கள், கிளம்பும்போது ஏற்றுங்கள். ஃப்ளாஷில் மட்டும் விடாதீர்கள், சைக்கிள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எதிரே வருபவருக்குப் பிடிபடாது. யூஎஸ்பி-சி மாடலா? இரண்டு முனையும் சி-யாக உள்ள கேபிளில் சார்ஜ் ஏறாவிட்டால் லைட் செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். மலிவு லைட்டில் சாக்கெட் அருகே 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைக்காமல் விட்டிருப்பார்கள், சார்ஜர் மின்சாரமே தராது. பழைய அகல முனை சார்ஜரிலிருந்து சி-க்குப் போகும் கேபிள் போட்டால் ஏறும்.